பேச்சிப்பாறை இன்றைக்கு எத்தனை அடி?

ஜனவரி கடைசியில் மதுரையிலிருந்து ஆறு பேராக நாகர்கோவில் வருவதாகவும், அதில் இருவர் அறுபதைத் தாண்டியவர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 'மலை ஏரிகள், சிறு குழு, வழிகாட்டியுடன் ஒரு நாள்' என்று ஒரு பேக்கேஜ் கண்ணில் பட்டிருக்கிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள், கோதையாறு மேல் அணை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் ஆறும் அதில் உண்டு. நம்பிப் பணம் கட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

ஆறும் ஒரே நாளில் என்றால் கட்டாதீர்கள். மூன்றாகக் குறைக்கப் பேக்கேஜ்காரர் சம்மதித்தால் தாராளமாகப் போகலாம். ஜனவரி கடைசி அதற்கு ரொம்ப நல்ல சமயம்.

முதலில் ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் கொடைக்கானல், ஊட்டி மாதிரி ஊர் நடுவே படகுத்துறையும் கடைத்தெருவுமாக மலை ஏரி கிடையாது. இங்கே மலையடியில் பரந்து கிடக்கும் தண்ணீர் எல்லாம் பாசனத்துக்கும் குடிநீருக்கும் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கம்தான். அதனால் அழகு குறைந்துவிடாது. ஆனால் அந்தத் தண்ணீர் உங்களுக்காக நிற்கவில்லை, வயலுக்காக நிற்கிறது. ஜூன் மாதம் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லுக்கு அணை திறப்பார்கள், இரண்டாம் போகமான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். நடுவில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. ஆக, ஆண்டு முழுக்க நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். விளம்பரத்தில் நீங்கள் பார்த்த படம் எந்த மாதம் எடுத்தது என்பதுதான் விஷயம். அதே இடத்தை ஏப்ரலில் பார்த்தால் தண்ணீருக்கும் காட்டுக்கும் நடுவில் செம்மண் கரை வழுக்கையாகக் கிடக்கும், பழைய மரக்குற்றிகள் வெளியே தெரியும்.

அதனால் பேக்கேஜ்காரரிடம் போனில் முதலில் கேட்க வேண்டியது கட்டணம் இல்லை. "பேச்சிப்பாறை இன்றைக்கு எத்தனை அடி?" என்று கேளுங்கள். பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் தலா 18 அடி. நாகர்கோவில் பதிப்பு நாளிதழ்களில் தினமும் அணைகளின் நீர்மட்டம் வரும். விவசாயிகள் மட்டும் படிக்கிற பத்தி அது என்று நினைக்க வேண்டாம். இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள், திற்பரப்பில் கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். கேட்டவுடன் "நேத்து நாப்பத்தொண்ணு, இன்னைக்கு அரையடி கூடியிருக்கு" என்று பதில் வந்தால் அவர் இந்தத் தொழிலில் இருக்கிறவர். "ஃபுல்லா இருக்கும் சார், சூப்பரா இருக்கும்" என்றால் அவர் வேறு யாரிடமோ வண்டி பிடித்து உங்களை ஏற்றிவிடப் போகிறவர்.

அந்த எண்ணைக் கொண்டு நீங்களே நாளைத் திட்டமிடலாம். பேச்சிப்பாறை நாற்பதைத் தாண்டி, மழையும் வலுத்தால் உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். அது கோதையாற்றில் இறங்கித் திற்பரப்புக்கு வரும். அருவி செந்நிறத்தில் சீறும். குளிக்கத் தடை போடுவார்கள். வடகிழக்கு மழைக்காலத்தில் இது வாடிக்கை. உங்கள் தேதியில் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், அணையிலும் தண்ணீர் இருக்கும். இருந்தாலும் முந்தின நாள் மாலை ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

இனி அந்தப் பட்டியல். கோதையாறு மேல் அணையை முதல் வேலையாக அடித்துவிடுங்கள். கீழ்க் கோதையாறு பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிறது, அங்கே அரசுப் பேருந்தே போகிறது. மேல் கோதையாறு அதற்கு நேர் உச்சியில் இருந்தாலும் சாலை இந்தப் பக்கமாக ஏறாது. மலைச்சரிவில் கம்பியால் இழுத்து ஏற்றும் மின்வாரியத்தின் விஞ்ச் ஒன்று உண்டு. அது அவர்களுடைய பணியாளர்களுக்கானது, சுற்றுலாவுக்கு இல்லை. சாலை வழியாகப் போக வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் சுற்றி, மணிமுத்தாறு, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஏற வேண்டும். அதற்கு வனத்துறை அனுமதி தனி. நாகர்கோவிலிலிருந்து காலையில் கிளம்பி அதையும் பார்த்து, பெருஞ்சாணியும் பார்த்து ராத்திரி வந்து சேர்வது நடக்கிற காரியம் இல்லை. இதைப் பட்டியலில் சேர்த்திருப்பவர் ஒன்று வரைபடம் பார்க்காதவர், இல்லாவிட்டால் கீழ்க் கோதையாற்றைக் காட்டி 'இதுதான்' என்று முடித்துவிடப் போகிறவர்.

கூடவே இன்னொன்று. 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்கிற காட்டு யானையைத் தேனி மாவட்டத்தில் பிடித்து மேல் கோதையாறு, முத்துக்குழி வனப்பகுதியில் கொண்டுவந்து விட்டதிலிருந்து, வருகிறவர்களில் பாதிப்பேர் "அந்த யானையைப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். முடியாது. காட்டிவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த ஆளோடு போகவே வேண்டாம். மாவட்டத்தின் மலைக்காடு பெரும்பாலும் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது, ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர். அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தால் வழக்கு வரும். வழிகாட்டி மீது மட்டும் இல்லை, உங்கள் மீதும்.

மிச்சமிருப்பதில் பேச்சிப்பாறைக்கு நாளின் நல்ல பகுதியைக் கொடுங்கள். காலை ஆறு மணிக்கு நாகர்கோவிலில் கிளம்பினால் தக்கலை, குலசேகரம் வழியாக ஏழரைக்குள் அணையில் நிற்கலாம். குலசேகரம் தாண்டியதும் சாலைக்கு இரண்டு பக்கமும் ரப்பர்தான். ஜனவரி கடைசியில் அந்தத் தோட்டங்கள் இலை உதிர்க்கும். மற்ற மாதங்களில் உச்சி மூடி இருட்டாக இருக்கிற வழி அப்போது செம்பு நிறத்தில் திறந்து கிடக்கும், தரையெல்லாம் சருகு. துளிர் விடும்வரை பால்வெட்டை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் வருகிற வாரத்தில் சில தோட்டங்களில் வெட்டு நடக்கும், சிலவற்றில் நின்றிருக்கும். வெட்டு நடக்கிற தோட்டம் கிடைத்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் பாருங்கள். மரப்பட்டையில் சாய்வாக ஒரு சீவல் இறங்கும், அந்தக் கோட்டின் நுனியில் தகரத் துண்டு, அதன் வழியாகப் பால் சொட்டுச் சொட்டாகக் கோப்பையில் விழும். முன்பு சிரட்டைதான் கட்டுவார்கள், இப்போது பிளாஸ்டிக் கோப்பை. முந்தின நாள் கோடு மேலேயே உறைந்த நாடாவை வெட்டுகிறவர் முதலில் உரித்துக் கூடையில் போடுவார். அது ஒட்டுப்பால், அதற்குத் தனி விலை. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரைக்குப் பக்கத்தில் காற்று அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அணைக்கட்டு திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தது. 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். கட்டிய பொறியாளர் மிஞ்சின், ஊர்க்காரர்களுக்கு மூக்கன் துரை. 1913-இல் இறந்தவரை இங்கேயே அடக்கம் செய்தார்கள். கல்லறை அணைப் பகுதியில்தான் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகள் அங்கே நிற்பதில்லை, நீங்கள் நிறுத்தச் சொல்லுங்கள். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்த மனுஷனுக்கு ஐந்து நிமிஷம் கொடுக்கலாம்.

அணை மேல் நின்று வடக்கே பார்த்தால் தண்ணீர் மலைமடிப்புக்குள் விரல் விரலாகப் புகுந்து போவது தெரியும். எட்டு மணிக்குள் போனால் பனிமூட்டம் தண்ணீரை ஒட்டியே தங்கியிருக்கும், மேலே மலை மட்டும் வெயிலில் நிற்கும். ஒன்பதரைக்குப் பிறகு எல்லாம் ஒரே வெளிச்சமாகிவிடும், படத்திலும் தட்டையாகத்தான் விழும். மழையே இல்லாத நாளிலும் சில சமயம் நீர்மட்டம் கொஞ்சம் கூடியிருக்கும். மேலே கோதையாறு மின்நிலையங்களில் ஒன்றில் 60 மெகாவாட், இன்னொன்றில் 40 மெகாவாட். மின்சாரம் எடுத்த பிறகு தண்ணீர் இறங்கி வந்து சேர்வது இந்த நீர்த்தேக்கத்தில்தான். இதை விளக்கிச் சொல்கிற வழிகாட்டி கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

எதிர்க்கரையில் காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அதில் ஒன்றான தோட்டமலைக்காரர்களுக்கு அக்கரை போக வரப் படகுதான் பஸ். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அதே வழியில் போகும். அந்தப் படகைப் பிடித்து 'ஒரு ரவுண்டு' கேட்க வேண்டாம். ரேஷன் அரிசியோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் போகிற படகு அது. படகு ஆசை இருந்தால் திற்பரப்பில், அருவிக்கு மேலே தடுப்பணையில் சுற்றுலாப் படகு ஓடுகிறது. உயிர்காப்புச் சட்டை போட்டுவிடாமல் ஏற்றினால் அங்கேயும் இறங்கிவிடுங்கள்.

காணிக்காரர் ஒருவர் கூட வந்தால் அந்த நாளே வேறு மாதிரி. அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். சாலையோரத்தில் நசுங்கிக் கிடக்கும் ஈற்றை மூங்கிலைப் பார்த்துவிட்டு, "ராத்திரி ஆனை எறங்கியிருக்கு, இந்தப் பக்கம் போவண்டாம்" என்று ஒரு வரி சொல்வார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். ஆகவே இரண்டாவது கேள்வி இது: வழிகாட்டி தனி ஆளா, ஓட்டுநரே வழிகாட்டியா? மலைச்சாலையில் வளைவு ஒடிக்கிறவர் திரும்பிப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டு வருவது உங்களுக்கே நல்லதில்லை. இவ்வளவு பேக்கேஜ் விற்கிறவர்களில் தனி ஆளை அனுப்புகிறவர்கள் குறைவு. அந்தச் செலவை மிச்சம் பிடிப்பதில்தான் அவர்களுக்கு லாபம்.

பெருஞ்சாணிக்கும் பேச்சிப்பாறைக்கும் ஒரே நாளில் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெருஞ்சாணி பறளியாற்றின் மீது 1950-களின் தொடக்கத்தில் எழுந்தது, ஆழமும் கூடுதல், மலை இன்னும் கிட்டே வந்து நிற்கும். ஆனால் ஒன்றைப் பார்த்த கண்ணோடு உடனே இன்னொன்றைப் பார்த்தால் இரண்டாவது எடுபடாது. அதற்குப் பதில் சிற்றாறு. குலசேகரத்திலிருந்து கடையாலுமூடு பக்கம், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது. தமிழ்நாட்டோடு மாவட்டம் சேர்ந்த பிறகு கட்டியவை இந்த இரண்டு அணைகளும். 18 அடிதானே என்று இளக்காரம் வேண்டாம். ஆழம் குறைவாக இருப்பதால்தான் தண்ணீர் தோட்டங்களுக்குள் பரவி, நடுவில் பச்சைத் திட்டுகள் விட்டு நிற்கும். கூட்டம் இருக்காது. வயதானவர்கள் வண்டியிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தாலே தண்ணீர் தெரியும். உங்களோடு வருகிற இருவருக்கும் பேச்சிப்பாறையைவிட இதுவே பிடித்துப்போனாலும் ஆச்சரியமில்லை. ஒரே நிபந்தனை, அன்று நீர்மட்டம் ஆறு, ஏழு அடி என்றால் சிற்றாற்றை விட்டுவிட்டுப் பெருஞ்சாணிக்குப் போங்கள். மறுபடியும் அந்த எண்தான் முடிவு சொல்கிறது.

எந்த அணையிலும் தண்ணீரில் இறங்கிக் குளிக்க வேண்டாம். கரை வெயிலில் காய்ந்து கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால்வரை சேறு, அடுத்த அடியில் சட்டென்று பள்ளம். ஒவ்வொரு கோடையிலும் நீச்சல் தெரிந்த பையன்களே மூழ்கிப் போகிறார்கள்.

மூன்றாவதாக மாத்தூரா, திற்பரப்பா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் யோசிக்காமல் மாத்தூர். திற்பரப்பில் அன்று வண்டி நிறுத்தவே அரை மணி நேரம் ஆகும். வார நாள் என்றால் திற்பரப்பில் நிம்மதியாகக் குளிக்கலாம், அருவிக்குப் பக்கத்திலேயே மகாதேவர் கோயில், சிவாலய ஓட்டத்தின் மூன்றாவது தலம். மகா சிவராத்திரிக்கு முந்தின நாளும் அன்றைக்கும் மட்டும் இந்தப் பக்கமே பயணம் வைக்காதீர்கள், பன்னிரண்டு கோயிலுக்கும் ஓடுகிறவர்கள் சாலையை நிறைத்திருப்பார்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-இல் கட்டியது. பட்டணங்கால் கால்வாயின் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு, பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே கொண்டுபோகிறது. 28 தூண்கள், உயரம் 115 அடி. காலையில் மலையடியில் பார்த்த தண்ணீர் என்ன வேலைக்குப் போகிறது என்பதைச் சாயங்காலம் இங்கே தொட்டிக்குள் ஓடுவதாகவே பார்க்கலாம். அணைப் பயணத்தை இங்கே முடிப்பது பொருத்தம் என்று சொல்வதற்கு அதுதான் காரணம். பிப்ரவரிக்குப் பிறகு வந்தால் தொட்டி காய்ந்திருக்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மேலே நடைபாதை குறுகல்தான், தலைசுற்றல் உள்ளவர்கள் நுழைவிடத்திலேயே நின்று பார்க்கட்டும். கீழே ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு வேண்டாம். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போது முழங்கால் சொல்லும்.

நேரம் மிஞ்சினால் குலசேகரத்துக்குப் பக்கத்தில் திருநந்திக்கரை குடைவரைக் கோயிலுக்கு ஒரு அரை மணி. பாறையைக் குடைந்து செய்தது, உள்ளே பழைய ஓவியத்தின் மங்கலான தடம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கேரள மசாலாக் கடை, மூலிகை எண்ணெய்க் கடை என்று நிறுத்துகிற நேரத்தில் இங்கே நிறுத்தச் சொல்லிப் பேசிவிடுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் கிராம்பு வாங்கலாம். வீரப்புலி காட்டை ஒட்டிய மாறாமலை, கரும்பாறைத் தோட்டங்களில் விளைவது. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் வருகை அறுவடை சமயம் என்பதால் புதுச்சரக்கு கிடைக்கும். இந்த ஊர் வாழைப்பழமான மட்டிப்பழத்துக்கும் 2023-இல் அந்தக் குறியீடு வந்தது. ஒரு சீப்பு வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்களுக்கு வெறும் வயிற்றைவிட அது நல்லது.

சாப்பாட்டைக் குலசேகரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் புட்டும் கடலைக்கறியும், மதியம் மீன்குழம்புச் சாப்பாடு. கேட்டால் மரச்சீனிக்கிழங்கும் கிடைக்கும். பேச்சிப்பாறைக்கு மேலே சாயாக்கடை தவிர ஒன்றையும் நம்ப முடியாது. செல்போன் சிக்னலும் போய்ப் போய் வரும், அதனால் ஜிபேயை நம்பாமல் கையில் சில்லறை வைத்திருங்கள். மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆகாத தோட்டத்தில் நடந்தால் அட்டை ஏறும். பிடுங்கி எறியாமல் கொஞ்சம் உப்பை வைத்தால் தானே விழும்.

சிறு குழு என்பதற்கு எத்தனை பேர் என்று கேட்டிருந்தீர்கள். இருபது பேர் டெம்போ டிராவலரையும் சிறு குழு என்றுதான் விற்கிறார்கள். இந்தச் சாலைகளில் எதிரே அரசுப் பேருந்து வந்தால் பெரிய வண்டி பின்னுக்குப் போக வேண்டும், அதிலேயே காலை போய்விடும். இருபது பேர் இறங்கி ஏறினால் ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம் அதற்கே. நீங்களே ஆறு பேர் இருக்கிறீர்கள். பேக்கேஜில் தலைக்கு இவ்வளவு என்று கட்டுவதைவிட, ஒரு பொலிரோ அல்லது இன்னோவாவை நாள் வாடகைக்குப் பேசி, குலசேகரத்திலோ பேச்சிப்பாறையிலோ ஒரு உள்ளூர் ஆளைத் தனியாக ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் அதே செலவில் முடியும். தங்குகிற விடுதியில் கேட்டாலே ஆள் சொல்வார்கள். பேக்கேஜ்தான் என்றால் வனத்துறைக் கட்டணம், நுழைவுச்சீட்டு, வழிகாட்டி கூலி உள்ளே அடங்குமா, மழையால் சாலையை அடைத்தால் பணம் திரும்புமா, தேதி மாறுமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதைச் சோதனைச் சாவடியில் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். முன்பணம் பாதிக்கு மேல் கேட்டால் வேறு ஆள் பாருங்கள், ஜனவரியில் வண்டிக்குப் பஞ்சம் வராது. பொங்கல் விடுமுறை வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.